சேகரிப்புக் கைத்துப்பாக்கிகளைச் சுடுதலும் பேணுதலும்

சேகரிப்புக் கைத்துப்பாக்கிகளைச் சுடுதலும் பேணுதலும் என்பது, வரலாற்று மதிப்போ அருமையோ உடைய ஒரு கைத்துப்பாக்கியை அதன் உரிமையாளர் சுடுவதற்குப் பயன்படுத்தலாமா, அல்லது சுடாமல் காத்து வைக்க வேண்டுமா என்று தீர்மானிப்பது பற்றியதாகும். நாணயம், அஞ்சல்தலை போன்ற பிற சேகரிப்புப் பொருட்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் துப்பாக்கிக்கு உண்டு. அது இயங்குவதற்காகவே செய்யப்பட்ட ஓர் எந்திரம். ஆனால் ஒவ்வொரு முறை இயங்கும்போதும் சிறிதளவு தேய்கின்றது, சில வேளைகளில் உடைகின்றது. இதுவரை சுடப்படாத துப்பாக்கியை நாளையும் சுடலாம். சுட்டதால் உடைந்த மூல உறுப்பை மீண்டும் மூல உறுப்பாக்க முடியாது. திரும்பப் பெற இயலாத இந்த இழப்பே இத்தீர்மானத்தின் மையமாகும்.

இக்கட்டுரையில் ஜெர்மனியின் லூகர் பி08 கைத்துப்பாக்கி முதன்மை எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. தேவையான இடங்களில் அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத் துப்பாக்கிகளும் குறிப்பிடப்படுகின்றன.

சேகரிப்பு மதிப்பின் கூறுகள்

ஒரு கைத்துப்பாக்கியின் சேகரிப்பு மதிப்பு பொதுவாகப் பின்வருவனவற்றைப் பொறுத்தது.

* மூலத்தன்மை: எல்லா உறுப்புகளும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவையாகவே இருத்தல்.
* மேற்பரப்பின் நிலை: தொழிற்சாலையில் அளிக்கப்பட்ட நிறமும் மெருகும் எவ்வளவு எஞ்சியுள்ளன என்பது.
* அருமை: அந்த வகை எத்தனை செய்யப்பட்டது, எத்தனை எஞ்சியுள்ளது என்பது.
* உரிமை வரலாறு: அது யாரிடம் இருந்தது என்பதை ஆவணங்களால் நிறுவ இயலுதல்.

இவற்றுள் முதல் இரண்டும் சுடுவதால் நேரடியாகப் பாதிக்கப்படுபவை. மூன்றாவது, பாதிப்பின் விளைவைப் பெரிதாக்குவது. அமெரிக்காவின் சிங்கர் தையல் எந்திர நிறுவனம் 1941இல் எம்1911ஏ1 வகைக் கைத்துப்பாக்கிகள் 500 மட்டுமே செய்தது. இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட ஒரு வகையில் ஒன்று பழுதடைவதும், இந்த 500இல் ஒன்று பழுதடைவதும் ஒன்றாகா. நான்காவது கூறு தனித்தன்மை உடையது. பில்லி த கிட் எனப்பட்டவரைப் பாட் காரெட் 1881இல் சுட்டுக் கொன்ற கோல்ட் சுழல் துப்பாக்கி, 2021இல் நடந்த ஏலத்தில் 60 இலட்சம் டாலருக்கும் மேல் விலை போனது. அவ்விலை எந்திரத்துக்காக அன்றி வரலாற்றுக்காகவே அளிக்கப்பட்டது. அத்தகைய பொருளைச் சுடுவதால் அதன் வரலாற்றில் கூடுவது ஒன்றுமில்லை.

எடுத்துக்காட்டு: லூகர் பி08

லூகர் கைத்துப்பாக்கி, ஹூகோ போர்ச்சார்ட்டின் சி-93 வடிவமைப்பிலிருந்து கியோர்க் லூகரால் மேம்படுத்தப்பட்டது. சுவிட்சர்லாந்து இதனை 1900இலும், ஜெர்மனியின் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் ஏற்றுக்கொண்டன. தரைப்படை ஏற்ற ஆண்டைக் கொண்டே பி08 என்னும் பெயர் வந்தது. பெர்லினில் இருந்த டி.டபிள்யூ.எம். நிறுவனம், எர்ஃபர்ட் அரசுப் படைக்கலச் சாலை, சிம்சன், கிரீகோஃப், மாவுசர் ஆகியவை இதனைச் செய்தன. படைக்கான உற்பத்தி 1942இல் மாவுசர் தொழிற்சாலையில் முடிவுற்றது.

இதன் பூட்டு முறை, மனித முழங்காலைப் போல மடங்கும் இணைப்பினால் ஆனது. சுடும்போது குழலும் இணைப்பும் சேர்ந்து சிறிது தூரம் பின்னோக்கி நகர்கின்றன. பின்னர் இணைப்பு மேல்நோக்கி மடங்கி வெற்று உறையை வெளியேற்றுகின்றது. உறுப்புகள் மிக நெருக்கமான அளவுகளில் செய்யப்பட்டுக் கையால் பொருத்தப்பட்டதால், ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றில் சரியாகப் பொருந்தும் என்று கூற முடியாது.

எண்ணிடும் முறை

இக்காரணத்தாலேயே படைக்கான லூகர்களில் உறுப்புகளுக்கு எண் பொறிக்கப்பட்டது. சட்டகம் முதலிய பெரிய உறுப்புகளில் முழு வரிசை எண்ணும், விசை, பாதுகாப்பு நெம்புகோல், பக்கத் தகடு போன்ற பல சிறிய உறுப்புகளில் அவ்வெண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களும் காணப்படும். வரிசை எண் நான்கு இலக்கங்களைத் தாண்டாது. ஒரு தொகுதி முடிந்ததும் எண்ணுடன் ஓர் எழுத்துச் சேர்க்கப்பட்டு அடுத்த தொகுதி தொடங்கும். எனவே ஒரு லூகரை அடையாளம் காணச் செய்தவர், ஆண்டு, எண், எழுத்து ஆகிய நான்கும் தேவை. துப்பாக்கியுடன் இரண்டு தோட்டாக் கூடுகள் (மேகசின்கள்) வழங்கப்பட்டன. அவற்றிலும் எண் பொறிக்கப்பட்டது. இரண்டாவது கூடு கூட்டல் குறியால் வேறுபடுத்தப்பட்டது.

எல்லா எண்களும் பொருந்தியுள்ள லூகர், தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த அதே நிலையில் உள்ளது என்பதற்கு அதுவே சான்றாகின்றது. இரண்டு உலகப் போர்களையும், படைக் கலைப்புகளையும், மறுசீரமைப்புகளையும் கடந்து அவ்வாறு எஞ்சியவை சேகரிப்பாளர்களால் பெரிதும் விரும்பப்படுகின்றன. ஒரேயொரு சிறிய உறுப்பின் எண் மாறியிருந்தாலும் விலை கணிசமாகக் குறைகின்றது. இந்த விலை வேறுபாட்டினால், மாற்று உறுப்புகளில் பழைய எண்ணைப் போலியாகப் பொறிக்கும் வழக்கமும் உண்டு. ஆகவே வாங்குபவர்கள் எண்ணின் எழுத்துரு, ஆழம், எண்ணைச் சுற்றியுள்ள மேற்பரப்பின் நிறம் ஆகியவற்றையும் ஆராய்கின்றனர்.

சுடுவதால் ஏற்படும் பாதிப்புகள்

பாதிப்புகளை இரண்டாகப் பிரிக்கலாம்: படிப்படியாக ஏற்படும் தேய்வு, திடீரென ஏற்படும் உடைவு.

தேய்வு மெதுவானது. நல்ல நிலையில் உள்ள குழல், சரியான தோட்டாக்களைக் கொண்டு சுடப்பட்டுத் துப்புரவாகப் பேணப்பட்டால், பல ஆயிரம் சுடுகைகளைத் தாங்கக்கூடும். குழலைவிட மேற்பரப்பே முதலில் தேய்கின்றது. எஃகின் மேல் கட்டுப்படுத்தி உருவாக்கப்படும் கருநீல ஆக்சைடுப் படலம் மிக மெல்லியது. உறுப்புகள் உரசும் இடங்களிலும், கைபடும் இடங்களிலும், விளிம்புகளிலும் அது மறைகின்றது. 1930களின் பிற்பகுதிக்கு முந்தைய லூகர்களில் விசை போன்ற சில சிறிய உறுப்புகள், வெப்பப்படுத்துவதால் உண்டாகும் வைக்கோல் மஞ்சள் நிறத்தில் விடப்பட்டன. இந்நிறம் கருநீலத்தைவிட எளிதில் மங்குவது.

உடைவு இதைவிட இழப்பு மிகுந்தது. லூகரில் வெற்று உறையைப் பற்றி இழுக்கும் கொக்கி, தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி, உறையை வெளியே தள்ளும் தகடு ஆகியவை சிறியவை. மிகுந்த அழுத்தத்துக்கு உள்ளாகுபவை. நூறாண்டு பழமையான எஃகில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். எனவே எந்தச் சுடுகையில் அவை உடையும் என்று முன்கூட்டிக் கூற இயலாது. கொக்கி உடைந்தால் புதியதொன்றைப் பொருத்தித் துப்பாக்கியை மீண்டும் இயக்கலாம். ஆனால் எண் பொருந்திய லூகர் அந்நொடியிலிருந்து எண் பொருந்தாத லூகராகி விடுகின்றது.

சுட்ட பின் செய்யும் துப்புரவும் பாதிப்பை ஏற்படுத்தலாம். லூகரின் இடப்புறக் கைப்பிடித் தகட்டைக் கழற்றும்போது, பாதுகாப்பு நெம்புகோலை ஒட்டிய மரம் பெயர்வது இத்துப்பாக்கியில் அடிக்கடி காணப்படும் சேதமாகும். பொருந்தாத திருப்புளி திருகாணியின் தலையைச் சிதைக்கின்றது.

எஃகும் வெடிமருந்தும்

மதிப்பைப் பற்றிய கேள்விக்கு முன்னதாகப் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி எழுகின்றது. சில துப்பாக்கிகளை எத்தகைய நிலையில் இருந்தாலும் இன்றைய தோட்டாக்களால் சுடலாகாது.

கோல்ட் நிறுவனம் 1873இல் வெளியிட்ட சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மி சுழல் துப்பாக்கி, கரிமருந்துக்காக வடிவமைக்கப்பட்டது. புகையற்ற வெடிமருந்துக்கு அந்நிறுவனம் 1900ஆம் ஆண்டிலிருந்தே உத்தரவாதம் அளித்தது. ஏறத்தாழ 1,92,000 என்னும் வரிசை எண்ணுக்கு முற்பட்டவை கரிமருந்துக்கு மட்டுமே உரியனவாகக் கருதப்படுகின்றன. சுழல் உருளையின் அச்சைத் தாங்க முன்புறத் திருகாணிக்குப் பதிலாகக் குறுக்கு வில் தாழ்ப்பாள் 1890களில் அறிமுகமானது. இத்தாழ்ப்பாளைக் கண்டதும் புகையற்ற மருந்துக்கு ஏற்றதென்று கொள்வது தவறு. 1900க்கு முந்தைய பல துப்பாக்கிகளிலும் அது உண்டு.

1847இல் ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்ட கோல்ட் வாக்கர், ஓர் அறையில் 60 கிரெயின் கரிமருந்து கொள்ளும் பெரிய துப்பாக்கியாகும். அக்காலத்திலேயே அதன் சுழல் உருளைகள் சில வெடித்துச் சிதறின. பெட்டியுடன் கூடிய ஒரு வாக்கர் 2018இல் 18.4 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. அதே வடிவில் இத்தாலியில் செய்யப்படும் படியுருக்கள் கிடைப்பதால், வாக்கரைச் சுட்டுப் பார்க்க விரும்புபவர் மூலப்பொருளைத் தொட வேண்டியதில்லை. தொடக்க கால எம்1911 கைத்துப்பாக்கிகளின் நகரும் மேலுறுப்பு, பிற்காலத்தவற்றைப் போல முழுமையாகக் கடினமாக்கப்படாதது. தொடர்ந்து சுடப்படும்போது அது விரிசல் விடக்கூடும்.

லூகர் தொடக்கத்திலிருந்தே புகையற்ற மருந்துக்காகச் செய்யப்பட்டது. எனினும் அழுத்தம் கூட்டப்பட்ட தோட்டாக்களும், துணை எந்திரத் துப்பாக்கிக்கென்று செய்யப்பட்டவையும் அதற்கு ஏற்றவை அல்ல. மிக வலுக் குறைந்த தோட்டாக்களும் முழங்கால் இணைப்பை முழுமையாக மடக்காமல் இடையில் நிறுத்திவிடும். பழைய படைத் தோட்டாக்கள் பலவற்றின் பொறியூட்டியில் பொட்டாசியம் குளோரேட்டு உள்ளது. அது எரிந்தபின் எஞ்சும் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு, காற்றின் ஈரத்தை ஈர்த்துக் குழலைத் துருப்பிடிக்கச் செய்யும். அவ்வுப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே அத்தகைய தோட்டாவைச் சுட்டபின் எண்ணெய் மட்டும் பூசுவது போதாது. முதலில் நீரால் கழுவி, நன்கு உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இடவேண்டும்.

"சுடப்படாதது" என்னும் வகை

சந்தையில் "சுடப்படாதது" என்று சில துப்பாக்கிகள் விற்கப்படுகின்றன. இச்சொல்லை எழுத்துக்கு எழுத்து கொள்ளலாகாது. தொழிற்சாலையிலேயே துப்பாக்கிகள் சோதனைக்காகச் சுடப்பட்டன; அதன்பின் எவரும் சுடவில்லை என்பதே இதன் பொருளாகும். இதனை முழுமையாக மெய்ப்பிப்பதும் கடினம்.

கோல்ட் பைதான் சுழல் துப்பாக்கி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 1955இல் வெளியான இதன் முதல் உற்பத்தி 2005இல் நின்றது. சுழல் உருளையை நிறுத்தும் தாழ், உருளையைச் சுற்றி மெல்லிய கோடொன்றை ஏற்படுத்துகின்றது. சுடாமல் வெறுமனே சுழற்றி இயக்கினாலும் இக்கோடு விழும். எனவே கோடின்றிப் பெட்டியுடன் உள்ள பைதானை இயக்கிப் பார்ப்பதுகூட அதன் நிலையை மாற்றுவதாகும். கோல்ட் நிறுவனம் 2020இல் பைதானை மீண்டும் செய்யத் தொடங்கியது. அதன் பின்னர், பைதானைச் சுட விரும்புபவருக்குப் பழையதையே சுட வேண்டிய தேவை குறைந்தது.

சுடுவதற்கு ஏற்றவை

பழைய துப்பாக்கிகள் எல்லாவற்றையும் சுடாமல் வைக்க வேண்டும் என்பது பொருளன்று. காக்கப்பட வேண்டிய மூலத்தன்மை முன்னரே இழக்கப்பட்டிருந்தால், சுடுவதால் மேலும் இழப்பதற்கு மிகுதி இல்லை. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை கைப்பற்றிய லூகர்கள் பல, பின்னர் பிரிக்கப்பட்டு, உறுப்புகள் கலக்கப்பட்டு, மீண்டும் கருநீலமேற்றப்பட்டன. கிழக்கு ஜெர்மனியின் காவல்துறைக்காகவும் லூகர்கள் மறுசீரமைக்கப்பட்டன. தனியாரால் மெருகிடப்பட்டவை, நிக்கல் பூசப்பட்டவை, குழல் மாற்றப்பட்டவை ஆகியவையும் உள்ளன. இயக்கம் சீராக இருந்தால் இவை சுடுவதற்கு உரியவையாகக் கருதப்படுகின்றன. மாவுசர் நிறுவனம் 1970களில் வணிகச் சந்தைக்காகச் செய்த லூகர் வகையும் உண்டு.

இங்கும் ஆராயாமல் முடிவு செய்யலாகாது. மறுசீரமைப்பு எல்லாம் சேதம் ஆகாது. முதல் உலகப் போர்க்காலத்து லூகர்களில் சிலவற்றில் மூல ஆண்டுடன் 1920 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளது. இக்குறி போருக்குப் பிந்தைய ஜெர்மனியின் வரலாற்றைச் சேர்ந்தது. அதனைத் தேடிச் சேகரிப்பவர்களும் உள்ளனர்.

சுடாமையின் இழப்பு

பேணுதலை வலியுறுத்துவோருக்கு மறுப்பாகச் சில கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன. துப்பாக்கி ஓர் எந்திரம். அதன் வடிவமைப்பு இயக்கத்தில்தான் முழுமையாக விளங்குகின்றது. லூகரின் கைப்பிடிக் கோணம் கைக்கு எவ்வாறு பொருந்துகின்றது, அதன் விசை பல இணைப்புகளின் வழியே செயற்படுவதால் எவ்வாறு உணரப்படுகின்றது, மணலும் சேறும் அதன் இயக்கத்தை ஏன் தடுத்தன என்பனவற்றைக் கண்ணாடிப் பேழையில் உள்ள பொருள் காட்டாது. இயக்கத் தெரிந்தவர்களும் செப்பனிடத் தெரிந்தவர்களும் இல்லாமற் போனால், பொருள் எஞ்சினாலும் அதனைப் பற்றிய அறிவு எஞ்சாது.

இக்கருத்து வலுவானதே. எனினும் அது எல்லாத் துப்பாக்கிகளும் சுடப்பட வேண்டும் என்பதை நிறுவுவதில்லை. அவ்வகையில் சில சுடப்பட வேண்டும் என்பதையே நிறுவுகின்றது. எண் பொருந்தாத லூகர் ஒன்று இவ்வறிவு முழுவதையும் தருகின்றது. எண் பொருந்திய லூகரைச் சுடுவதால் மேலதிகமாகக் கிடைப்பது அதன் உரிமையாளரின் மனநிறைவு மட்டுமே. அம்மனநிறைவுக்காக எவ்வளவு இழக்கலாம் என்பது உரிமையாளரின் முடிவுக்கு உரியது.

இடைநிலைத் துப்பாக்கிகள்

தீர்மானம் மிகக் கடினமாவது இரண்டு எல்லைகளுக்கும் இடைப்பட்டவற்றில் ஆகும். எண்கள் எல்லாம் பொருந்தியிருந்தும் மேற்பரப்பு பாதி தேய்ந்த, படைவீரர் ஒருவர் பல ஆண்டுகள் சுமந்த லூகர் இத்தகையது. இங்குப் பின்வரும் வினாக்கள் உதவக்கூடும்.

* சுடுவதால் இழக்கக்கூடியது எதுவோ, அது இத்துப்பாக்கியில் இன்னும் உள்ளதா?
* உடையக்கூடிய உறுப்பு மூல உறுப்பா? அதற்கு ஈடு கிடைக்குமா?
* இன்றைய தோட்டாவைச் சுடுவது பாதுகாப்பானதா?
* இதே அனுபவத்தைத் தரும் படியுருவோ மற்றொரு துப்பாக்கியோ கிடைக்கின்றதா?

லூகர் சேகரிப்பாளர்களிடையே ஒரு நடுவழியும் உள்ளது. எண் பொறித்த கொக்கி, குத்தும் ஊசி போன்றவற்றை வல்லுநரைக் கொண்டு கழற்றித் தனியே பெயரிட்டு வைத்துவிட்டு, புதிய மாற்று உறுப்புகளைப் பொருத்திச் சுடுவர். மூலத் தோட்டாக் கூட்டுக்குப் பதிலாகப் புதிய கூடு பயன்படுத்தப்படும். இது இழப்பைக் குறைக்கின்றது, முற்றிலும் நீக்குவதில்லை. முழங்கால் இணைப்பு, குழல், சட்டகம் ஆகியவற்றை இவ்வாறு மாற்றிவைக்க இயலாது.

சுடத் தீர்மானித்தால்

முதலில் தகுதி பெற்ற துப்பாக்கி வல்லுநர் ஒருவர் அதனை ஆராய வேண்டும். குழலில் அடைப்போ வீக்கமோ உள்ளதா, தோட்டா அறையில் சரியான இடைவெளியில் பொருந்துகின்றதா, உறுப்புகளில் விரிசல் உள்ளதா, விற்சுருள்கள் தளர்ந்துள்ளனவா என்பன கவனிக்கப்பட வேண்டும். குறியீட்டை மட்டும் கொண்டு தோட்டாவைத் தேர்ந்தெடுக்கலாகாது; லூகர் 7.65 மி.மீ., 9 மி.மீ. ஆகிய இரண்டு அளவுகளிலும் செய்யப்பட்டதுடன், சிலவற்றில் குழல் பின்னர் மாற்றப்பட்டுள்ளது. லூகரில் மற்றொரு ஆபத்தும் உண்டு. அறையில் தோட்டா இருக்கும் நிலையில், சட்டகத்திலிருந்து பிரிக்கப்பட்ட மேற்பகுதி தானாகவே சுடக்கூடும். ஆகவே பிரிப்பதற்கு முன் அறை வெறுமையாக உள்ளதைக் கண்ணால் உறுதிப்படுத்துவது இன்றியமையாதது.

பேணத் தீர்மானித்தால்

பேணுதல் என்பது பெட்டியில் இட்டு மறந்துவிடுதல் அன்று. சுடுவதால் ஏற்படும் சேதத்தைவிட, கவனிக்காமல் விடுவதால் ஏற்படும் துரு மிகுந்த இழப்பைத் தரக்கூடும். துப்பாக்கியை அதன் மூலத் தோலுறையில் வைத்திருப்பது பொதுவான தவறாகும். தோல் ஈரத்தை ஈர்ப்பதுடன், பதனிடுகையில் எஞ்சிய வேதிப்பொருட்களால் எஃகை அரிக்கின்றது. உறையையும் துப்பாக்கியையும் தனித்தனியே வைத்தல் வேண்டும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காடாக, பெரிய ஏற்ற இறக்கமின்றி இருப்பது நல்லது. வியர்வையின் உப்பு விரல் தடத்தில் துருவை ஏற்படுத்துவதால் கையுறை அணிந்தே எடுக்க வேண்டும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சோ, பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ஆய்வகத்தில் உருவான நுண்படிக மெழுகோ மேற்பரப்பைக் காக்கும். தோட்டா இன்றி விசையை அழுத்திப் பார்க்கும் பழக்கம் குத்தும் ஊசியை உடைக்கக்கூடும்.

எல்லாவற்றினும் பெரிய சேதம், புதுப்பிக்கும் நோக்குடன் செய்யப்படும் மெருகிடலும் மறு கருநீலமேற்றலும் ஆகும். நூறு தோட்டாக்களைச் சுடுவது அழிக்காததை ஒரு நாள் மெருகிடல் அழித்துவிடும். முத்திரைகள் மங்கும், விளிம்புகள் மழுங்கும், மூல மேற்பரப்பு முற்றிலும் நீங்கும்.

சட்டநிலை

சில நாடுகளில் இத்தீர்மானம் உரிமையாளரின் விருப்பத்தை மட்டும் பொறுத்ததன்று. பிரித்தானியாவில் 1996இல் டன்பிளேன் பள்ளியில் நடந்த படுகொலைக்குப் பின்னர், 1997ஆம் ஆண்டுச் சுடுகலன் திருத்தச் சட்டங்கள் பெரும்பாலான கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்தன. வரலாற்று மதிப்புள்ளவற்றுக்கு அச்சட்டத்தின் 7ஆம் பிரிவு விலக்களிக்கின்றது. 1919க்கு முன் செய்யப்பட்ட, தோட்டா எளிதில் கிடைக்காத வகைகளைச் சேகரிப்பாக வீட்டில் வைத்திருக்கலாம்; சுட இயலாது. தனிச்சிறப்புள்ள வேறு சிலவற்றைக் குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே வைத்து, அங்கேயே சுடலாம். சுடுதலா, பேணுதலா என்னும் வினாவை இங்குச் சட்டமே இரண்டு வகைகளாகப் பிரித்துள்ளது.

அமெரிக்காவின் கூட்டரசுச் சட்டத்தில், 1898இலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவை தொல்பொருளாகவும், 50 ஆண்டுகளைக் கடந்தவை சேகரிப்புக்குரிய அரும்பொருளாகவும் வகைப்படுத்தப்படுகின்றன. வயதால் மட்டும் இவ்விரண்டாம் தகுதியைப் பெறும் துப்பாக்கி மூல அமைப்பில் இருத்தல் வேண்டும். ஆகவே ஒரு துப்பாக்கியைச் சுடுவதற்கு வசதியாகத் திருத்தி அமைப்பது, அதன் விலையுடன் சட்டத் தகுதியையும் மாற்றிவிடக்கூடும்.